மூன்றுக்குப் பதில் எட்டு

“பையா, புத்தகத்துல உங்க நம்பர் சரியா வந்திருக்கான்னு பாக்கத்தான் போன் பண்ணேன், வேற ஒண்ணுமில்ல” என்று ஆட்டோ சங்கத்துக்காரரிடம் இந்தியில் சொல்லி முடித்து, பச்சை மையில் ஒரு டிக் போட்டுவிட்டு, மதுமதி அடுத்த எண்ணுக்குப் போகிறாள். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கும் மெய்ப்பில் எத்தனை தொலைபேசி எண்கள் இருந்தாலும் அத்தனைக்கும் பேசிப் பார்ப்பாள். யாரும் எடுக்காவிட்டால் பென்சிலில் ஒரு வட்டம். மதியம் மறுபடி முயற்சி. திட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் நன்றி சொல்லித்தான் வைப்பாள்.

வயது இருபத்தொன்பது. தில்லி துவாரகாவில் வீடு. அப்பா ராஜவேல் சாத்தூர்ப் பக்கம். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளர். மதுமதி ஒரு கல்லூரியில் மாலை நேரப் பதிப்புத்துறைப் பட்டயம் படிக்கிறாள். வகுப்பில் இருபத்து நான்கு பேர். பெரும்பாலோருக்குப் பெரிய ஆங்கிலப் பதிப்பகங்களில் நாவல்களைத் தேர்ந்தெடுக்க ஆசை. சிலருக்கு அட்டை வடிவமைப்பு. மூன்று மாதப் பயிற்சி கட்டாயம் என்றதும் எல்லோரும் பெரிய இடங்களுக்குப் போய்விட, இவள் மட்டும் தரியாகஞ்சில் இரண்டு அறையில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பதிப்பகத்தைத் தேடி வந்தாள்.

“ஏன் இந்தத் துறை?” என்று முதல் நாள் கேட்டேன்.

“சார், நான் குருகிராம்ல ஆறு வருஷம் கால் சென்டர்ல இருந்தேன். எந்தப் பொருள்ல தப்பு இருந்தாலும் கஸ்டமர் எங்களுக்குப் போன் பண்ணித் திட்டுவாங்க. புக்ல தப்பு இருந்தா யாருக்குப் பண்ணுவாங்க?”

ஒரு மெய்ப்புக் கட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அவளுடைய தமிழ் வாசிப்பு மெதுவானது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும்தான். கால் சென்டரில் தமிழ்ப் பிரிவுக்கு மாற்றியபோது பேச வந்தது, எதிரே வைத்த தாளைப் படிக்க வரவில்லை. வாக்கியங்களை இந்தி எழுத்தில் எழுதி வைத்துச் சமாளித்தாள். வெட்கமாகப் போய், நான்கே மாதத்தில் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டாள். இன்றும் எழுத்து எழுத்தாகத்தான் படிக்கிறாள், வரிக்கு அடியில் அப்பா கொண்டுவந்த போர்டிங் பாஸ் துண்டு ஒன்றை வைத்து நகர்த்திக்கொண்டே. நாற்பது வருடமாகப் படிக்கும் என் கண் ஒரு வரியை ஒரே தாவலில் கடந்துவிடும். அவளுடையது ஒவ்வொரு படியாக இறங்கும். அதனால் பிழைகள் அவளிடம்தான் மாட்டுகின்றன. “சார், இங்க ஒருத்தன் டிக்கெட் இல்லாம ஏறிட்டான்” என்பாள். மெய்ப்பு மேசை மேல் இருக்கும்வரை தேநீர் வராந்தாவைத் தாண்டி வரக்கூடாது என்பது அவள் போட்ட விதி. நானும் இப்போது வராந்தாவில் நின்றுதான் குடிக்கிறேன்.

தில்லிக்கு வேலை தேடி வரும் தமிழர்களுக்காக மூன்று வருடத்துக்கு முன் ஒரு கையேடு போட்டோம். எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, ஆபத்து என்றால் யாரை அழைப்பது. இரண்டாயிரம் பிரதி, இலவசமாகக் கோயில், சர்ச், தமிழ்ச் சங்கம் என்று கொடுத்தோம். அதன் இரண்டாம் பதிப்புதான் மதுமதியின் மேசைக்கு வந்தது. முப்பத்தோராம் பக்கத்தில், வேலைக்கு வரும் பெண்களுக்காகச் சில தன்னார்வலர்கள் நடத்தும் உதவி எண். ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“சொல்லும்மா, பயப்படாதே. எங்கேருந்து பேசறே?”

“இது ஹெல்ப்லைன்தானே?”

“இல்லேடி கண்ணு, இது ஆத்து நம்பர். நோக்கு வேண்டியது கடைசிக்கு முந்தி எட்டு இல்லே, மூணு. பேனா இருக்கோன்னோ? இல்லேன்னா நானே மெசேஜ் பண்றேன்.”

வழக்கமாக அரை நிமிடத்தில் முடிகிற பேச்சு அன்று பதினான்கு நிமிடம் நீண்டது. பேசியவர் பெயர் காமாக்ஷி; மயூர் விஹாரில் இருக்கிறார், மத்திய அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக வாரத்துக்கு நான்கைந்து பெண்கள் அவரை அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் எழுந்துபோய் முதல் பதிப்பின் மெய்ப்புக் கட்டை எடுத்தேன். முப்பத்தோராம் பக்கம். எட்டு என்று தெளிவாக இருந்தது. பக்கத்தில் நீல மையில் ஒரு டிக். கீழே என் கையெழுத்து.

“திருத்திடும்மா. நல்லவேளை, இன்னும் அச்சுக்குப் போகல” என்றேன்.

“திருத்தியாச்சு சார். பழைய புக்கு? அத வச்சிருக்கறவங்க நாளைக்கும் அந்த ஆன்ட்டிக்குத்தான பண்ணுவாங்க?” கட்டை வாங்கி மூடினாள். கையெழுத்தைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. “வாங்க சார், ஜல்தியா ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.”

மயூர் விஹாரில் இரண்டாவது மாடி வீடு. முழங்காலில் பட்டை கட்டியிருந்த காமாக்ஷியே கதவைத் திறந்தார். முதல் இரண்டு மாதம் கோபம் வந்ததாம். கணவர் ரங்கராஜன் நம்பரை மாற்றிவிடச் சொன்னாராம். மாற்றுவதற்கு இருந்த வாரத்தில் நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து தென்காசிப் பெண் ஒருத்தி அழைத்தாள். ஆஸ்பத்திரி வேலை என்று வரச்சொன்ன ஏஜெண்ட் போனை அணைத்துவிட்டான். சரியான எண்ணைச் சொன்னாலும் எழுதிக்கொள்ள முடியாமல் அழுதிருக்கிறாள். காமாக்ஷி ஆட்டோ பிடித்துப் போய், உதவிக் குழுவினர் வரும்வரை அந்தப் பெண்ணின் பெட்டிமேல் அவளோடு உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கு மாத்தியிருந்தா அந்தப் பொண்ணு யாரைக் கூப்பிட்டிருக்கும், சொல்லுங்கோ? அதுக்கப்புறம் போனை நான் அணைக்கறதே இல்லே. முட்டி ஆபரேஷன் அன்னிக்கு மட்டும் இவர் வாங்கி வெச்சுண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவிலே நின்னுண்டு ‘எட்டு இல்லே, மூணு’ன்னு சொல்லிண்டிருந்தார்.”

காபி வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: “ஆமா, அந்தப் புஸ்தகத்தை யாரு சரி பாத்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மதுமதி சொன்னாள்: “நாங்கதான் ஆன்ட்டி.”

எங்களிடம் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது அவளுக்கு.

“இல்ல, நான்தான்” என்றேன். “இந்தப் பொண்ணு அப்ப எங்ககிட்ட இல்ல. என்னை மன்னிச்சுடுங்க.”

காமாக்ஷி காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “மூணும் எட்டும் பாக்க ஒரே மாதிரிதானே இருக்கு. குடியுங்கோ, ஆறிடப் போறது.”

பிறகு பேச்சு, இனி என்ன செய்வது என்பதில் வந்து நின்றது. காமாக்ஷிக்குப் புனேயில் மகள் இருக்கிறாள். போனால் அங்கேயும் போன் வரும், யாரையும் நேரில் போய்ப் பார்க்க முடியாது என்று பயணத்தை இரண்டு முறை தள்ளிப் போட்டிருக்கிறார். மதுமதி, பழைய கால் சென்டர் மேசைக்குத் திரும்பிப் போனவளைப் போலச் சொன்னாள்: “ஆன்ட்டி, உங்க சிம்மையே ஹெல்ப்லைன்காரங்களுக்குக் குடுத்துட்டா? பழைய புக்க வச்சிருக்கறவங்க அந்த நம்பருக்கே பண்ணட்டும். அங்கயே எடுப்பாங்க. நீங்க புது நம்பர் வாங்கிக்கங்க.”

ரங்கராஜன் சத்தமாகச் சிரித்தார். “மூணு வருஷமா எனக்கு இது தோணலையே!”

எண்ணைக் குழுவின் பெயருக்கு மாற்ற மூன்று வாரம் ஆயிற்று. அதற்கான படிவங்களை மதுமதியே நிரப்பி, இரண்டு முறை கடையில் வரிசையில் நின்றாள். காமாக்ஷியின் போனில் இருநூற்றுச் சொச்சம் பேர். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் புது எண்ணை அனுப்பி முடித்தாள். இரண்டாம் பதிப்பு வெளிவந்துவிட்டது. நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் காமாக்ஷியுடையது. மெய்ப்பு என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு மதுமதியின் பெயரைப் போட்டேன். அவள் அப்பா பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

போன சனிக்கிழமை சிம்மை வாங்கிவரப் போனோம். காமாக்ஷி அதைப் போனிலிருந்து எடுத்து, ஒரு கணம் விரல் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு நீட்டினார். மதுமதி வாங்கிக்கொண்டாள்.

மெட்ரோவில் நல்ல கூட்டம். “பையில போட்டுக்கோம்மா” என்றேன். தலையை ஆட்டினாள், போட்டுக்கொள்ளவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் இடது கையால் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்து இடம் கொடுத்த பெண்மணியிடமும் வேண்டாம் என்றாள். இறங்கி, படி ஏறி, உதவிக் குழுவின் அலுவலகத்தில் இந்த எண்ணுக்கென்றே ஒரு பழைய போனை எடுத்து வைத்திருந்த மேசைக்கு எதிரே வந்து நின்றபிறகுதான் வலது கையைத் திறந்தாள். சிம் கார்டின் நான்கு மூலையும் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.