மூன்றாவது கிளை

என் புரோகிராம் பொய் சொன்ன நாளை எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

போடியில் ஓர் ஏலக்காய்த் தோட்ட அலுவலகத்துக்கு அதை எழுதிக்கொடுத்திருந்தேன். காலையில் மலையேறும் ஆட்கள் எல்லோரும், மரம்போலக் கிளை கிளையாய்ப் பிரியும் ஒரு ட்ரீயில் இருப்பார்கள். மேலே தோட்டம், அதன்கீழ் ஜீப்பு, அதன்கீழ் குரூப், கடைசியில் ஆட்கள். சாயங்காலம் இறங்க இறங்கக் கங்காணி போனில் டிக் போடுவார். எல்லோரும் இறங்கியதும் வீடுகளுக்கு மெசேஜ் போகும்.

அன்று நல்ல மழை. மெசேஜ் போனதும் மேனேஜர் ஜீப்புகளை ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார். சிலமலையிலிருந்து முருகேசன் அண்ணன் நனைந்துகொண்டே அலுவலகத்துக்கு வந்து என்னிடம் போனை நீட்டினார்.

“எல்லாரும் எறங்கியாச்சுன்னு வந்துருக்கு தாயி. எம் பொண்டாட்டி வரலையே?”

“பஸ்சுல வந்துக்கிட்டு இருப்பாங்கண்ணே.” என் புரோகிராம்மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

“ஜீப்புல போனவ எதுக்குத் தாயி பஸ்சுல வாரா?”

உடனே புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ட்ரீயை லிஸ்ட் வைத்துத்தான் கட்டியிருந்தேன். எத்தனை கிளை வேண்டுமானாலும் சேரும். ஆனால் அதைச் சுற்றிவந்து யார் இறங்கவில்லை என்று பார்க்கும் ஃபங்ஷனில், இரண்டே கிளை உள்ள ட்ரீகளைப் படித்த காலத்துப் பழக்கத்தில், முதல் கிளை, இரண்டாவது கிளை என்று இரண்டை மட்டும் எழுதித் தொலைத்திருந்தேன். ஒரு ஜீப்புக்கு எப்போதும் காயெடுப்பு, களையெடுப்பு என்று இரண்டு குரூப்புதான். அன்று ஆறு பேரைப் பிரித்து, நிழல்மரக் கிளை வெட்டும் கவாத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த மூன்றாவது குரூப்பை என் புரோகிராம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் இறங்கியாச்சு என்று ஸ்கிரீனில் பார்த்து, அந்த ஆறு பேரும் வேறு ஜீப்பில் இறங்கியிருப்பார்கள் என்று டிரைவரும் திரும்ப மேலே போகாமல் விட்டுவிட்டார்.

இரண்டு வரியை அழித்துவிட்டு, இருக்கிற கிளை எல்லாவற்றையும் சுற்றிவரும் லூப் போட்டேன். இறங்காதவர்கள் ஆறு பேர். முதல் பெயர் போதும்பொண்ணு.

“அவதான் தாயி.” அண்ணன் ஸ்கிரீனில் விரலை வைத்தார்.

“ஜீப்ப எடுய்யா, வெரசா!” என்று மேனேஜர் கத்தினார்.

ஏழு மணிக்கு ஆறு பேரும் படுதாவைப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கினார்கள். போதும்பொண்ணு அக்கா புருஷனைப் பார்த்ததும், “இப்பிடி நனஞ்சுக்கிட்டா நிப்ப? சாப்பிட்டியா இல்லையா?” என்று அதட்டினார். அண்ணன் அவர் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“மன்னிச்சிருங்கக்கா. ரெண்டு குரூப்போட நிறுத்திட்டேன்.”

“மூணாவதும் பொட்டப்புள்ளையான்னு எங்கப்பன் எனக்கு இந்தப் பேர வச்சாரு. பொறவும் ரெண்டு தங்கச்சி வந்தாளுக. எத்தனைன்னு நீயா முடிவு பண்ணலாமா தாயி?”

இன்றும் எந்த ட்ரீயைச் சுற்றினாலும், கடைசிக் கிளையில் யாரோ மழையில் நிற்கிறார்கள் என்று நினைத்துத்தான் லூப் எழுதுகிறேன்.