பாரிட்டி செக்கை அடைத்த மஞ்சள் வயர்

1

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மறுபடி ஓட வைக்கப் போகிறோம், வாருங்கள் என்று மியூசியத்தில் கூப்பிட்டிருந்தார்கள். கொல்கத்தாவில் ஒரு சரக்கு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் பார்த்த அதே மெஷின். பெருமையாகத்தான் போனேன். வேலையை நடத்தும் சுதேஷ்ணா மெஷினின் பின்கதவைத் திறந்து, டயக்ராமில் இல்லாத மஞ்சள் வயர் ஒன்றைக் காட்டினாள்.

"காக்கு, ஏட்டா கே கொரெச்சே?" சித்தப்பா, இதை யார் செய்தது என்று கேட்கிறாள்.

"ஏதோ பழைய ரிப்பேர். வெட்டி எடுத்துடும்மா" என்றேன் வங்காளத்தில்.

மியூசியத்தில் அப்படி எடுக்க மாட்டார்களாம். பின்னால் சேர்ந்த ஒவ்வொரு வயருக்கும் ஓர் அட்டை கட்டி, யார் போட்டது, எதற்கு என்று எழுதிய பிறகுதான் கை வைப்பார்களாம். வெற்று அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனாள்.

2

போட்டது நான்தான். துளை போட்ட கார்டிலிருந்து மெஷினுக்குள் ஏறும் எழுத்தில் ஒரு பிட் பிசகினாலும் மெஷின் தானே நின்றுவிடும். அதுதான் பாரிட்டி செக். ஒரு மழைக்காலத்தில் நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்றது. சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்கு வேகன் லிஸ்ட் போயாக வேண்டும். எங்கள் ஆபீசரும் தமிழர்தான். தலைக்கு மேல் நின்றுகொண்டு, "நிக்காம ஓடணும்யா, எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்" என்றார். ஒரு வயரைப் பற்றவைத்து, பிழை வந்தாலும் நிற்காதபடி செக்கை அடைத்தேன். மெஷின் ஓடியது. லாக் புத்தகத்தில் எழுதவில்லை.

மறு வாரம் லிஸ்டில் வேகன் நம்பர்கள் தப்பாக வந்தன. கார்டுகளை எடுத்துப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. பழி, கார்டில் துளை அடிக்கும் பஞ்ச் ஆபரேட்டர் வசந்தா மேல் விழுந்தது. மெமோ கொடுத்தார்கள், பிரமோஷன் நின்றது.

"நான் சரியாத்தான் அடிச்சேன், மணி சார்" என்று என்னிடம் வந்து சொன்னார்.

"பாக்கறேன்" என்றேன். பார்க்கவே இல்லை.

3

அட்டையில் நடந்ததையெல்லாம் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் வசந்தா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார்.

"உங்க பேர் இருக்கு, ஆபீசர் பேர் இருக்கு. என்னை மட்டும் 'ஒரு பஞ்ச் ஆபரேட்டர்'னு எழுதியிருக்கீங்க. மெமோல முழுப் பேரும் போட்டாங்களே, சார்."

வெட்கமாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல முழுப் பெயரையும் எழுதினேன்.

இப்படி டயக்ராமில் இல்லாத ஜம்பர் வயர் போடுகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: போட்ட அன்றைக்கே எழுதிவிடுங்கள். அதனால் யார் தலை உருண்டாலும், அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வசந்தா என்னை மன்னித்தார் என்று சொல்ல ஆசைதான். நான் கிளம்பியபோது அவர் வாசல் வரை வரவில்லை.