லாயத்துச் சுவர்

பழைய படை முகாமைச் சுற்றிக் காட்டும் வேலையில், வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி கழிப்பறை எங்கே என்பதுதான். பழைய கட்டடங்களுக்குக் காவல் இருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது தெரியாததா?

நான் இருப்பது கெடாவின் வட எல்லையில், ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டிய முகாமில். சயாம் எல்லையைக் காக்க வெள்ளைக்காரன் இங்கே ஒரு சின்னக் குதிரைப்படை வைத்திருந்தான். மிச்சம் இருப்பது அலுவலகக் கட்டடமும் குதிரை லாயமும்தான்.

குதிரை எங்கே?

யான் என்ற ஊரிலிருந்து ஒருவர் மனைவியோடு காரில் வந்தார். மழை ஈரத்தில் குளம்பு அழுகிக் குதிரைகள் ஒவ்வொன்றாகச் செத்ததையும், கடைசியில் வீரர்கள் நடந்தே ரோந்து போனதையும் தொண்டை வறளச் சொன்னேன். அவர் லாயத்துக்குள் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"குதிரையே இல்லாத லாயத்தப் பாக்கவா யான்லேர்ந்து கெரேத்தா ஓட்டிட்டு வந்தேன்?"

கோணல் எழுத்து

லாயத்தின் உள்சுவரில் லாட ஆணியால் கீறிய பெயர்கள் இருந்தன. ஒரு குதிரையின் பெயர், பக்கத்தில் அதற்குப் புல் வெட்டிப் போட்டவர் பெயர். 'ராணி – மாரிமுத்து' என்று கோணலாக ஒன்று. மாரிமுத்து என் பூட்டன்.

படைப் பதிவேட்டில் குதிரைகளுக்கெல்லாம் பெயர் உண்டு. புல் வெட்டியவர்களுக்கு 'கூலி' என்ற ஒரே சொல்தான். அவர்கள் பெயர் இருந்த ஒரே இடம் இந்தச் சுவர். இதைச் சொன்னபோது பண்டார் பாருவிலிருந்து வந்த ஓர் அம்மாள் மட்டும் நின்று கேட்டார்.

"குதிரைக்கெல்லாம் பேரு எழுதத் தெரிஞ்சவனுக்கு ஆளுங்க பேர எழுதத் தெரியலையாம்மா?"

கடிதம்

லாயத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்டப் போவதாகக் கடிதம் வந்தது. அதற்குமுன் ஓர் அதிகாரி வந்து பார்ப்பாராம். அது உண்மையிலேயே பழைய லாயம் என்று அவர் எழுதிக் கொடுத்தால் நிற்கும், இல்லாவிட்டால் போகும். எனக்குச் சோறு இறங்கவில்லை. "இடம் சுத்தமா இருக்கணும்ண்ணே" என்று எங்கள் தோட்டக்காரர் சூசை அண்ணனிடம் புலம்பினேன். ஆம், நானேதான் சொன்னேன். என்னைவிட அவர்தான் அதிகம் பதறினார்.

"கவலப்படாத தங்கச்சி, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் ஆளுங்கள கூட்டிட்டு வந்து கோத்தோங் ரோயோங் போட்டுருவோம்லா!"

ஞாயிற்றுக்கிழமை

சொன்னபடியே கூட்டுத் துப்புரவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். புல் வெட்டினார்கள், கூரை ஒட்டடை அடித்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. எல்லோருக்கும் சாப்பிட நாசி லெமாக் வாங்கி வரலாம் என்று டவுனுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது லாயத்தின் உள்சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. கையில் இருந்த பொட்டலங்களை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை. சூசை அண்ணன் சட்டையெல்லாம் சாயத்தோடு ஓடிவந்தார். அவரைத் திட்டியிருக்கலாம்.

"சொவரு பூரா ஒரே கீறலா கெடந்துச்சு தங்கச்சி, சிமெண்ட் வச்சு அடைச்சு, ரெண்டு பூச்சுப் பூசிட்டேன், இப்ப பாரு!"

அதிகாரி

இரண்டு நாள் கரண்டியால் சுரண்டினேன். சாயம் வந்தது, சிமெண்ட் வந்தது, அதோடு பழைய சுண்ணாம்பும் பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிந்தது. மாரிமுத்து என் கையாலேயே உதிர்ந்துபோனார். பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

வந்த அதிகாரி நம் தமிழ்ப் பையன்தான், மரியாதையானவர். என் கைப்பேசியில் இருந்த பழைய சுவரின் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். அது என் பூட்டன் பெயர் என்றேன், அழுதும்விட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"படத்துல இருக்கிற சொவர எனக்குக் காட்டுங்கக்கா, இப்பவே எழுதித் தர்றேன்."

இப்போது லாயம் இருந்த இடத்தில் தாராளமாக வண்டி நிறுத்தலாம். இறங்கி வருகிறவர்களுக்கு நான் கழிப்பறைக்கு வழி காட்டுகிறேன்.