மாட்டின் கழுத்தும் அண்ணன் கழுத்தும்

மாட்டுக்குத் தாடைக்கடியில் நெறி கட்டினால் கை வைத்ததும் தெரிந்துவிடும். அதற்கு நிணநீர்க் கணுக்கள் குறைவு, ஆனால் பெரியவை. குதிரைக்குச் சின்னச் சின்னதாகக் கொத்தாக இருக்கும். மனுஷனுக்கும் கழுத்து நெடுகச் சின்னதுதான், தேடித்தான் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டுக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மாடு பார்க்கும் டாக்டர் நான். ஊரெல்லாம் என் பேச்சைக் கேட்கும், என் வீட்டைத் தவிர.

அண்ணன் வேன் ஓட்டினான். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவருவான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவனின் கழுத்து ஒரு பக்கம் புடைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி கெட்டி. நகர்த்தினால் நகரவில்லை.

“வலிக்குதாண்ணா?”

“இல்லியே.”

வலித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

“ஊசி வெச்சு டெஸ்ட் எடுக்கணும். நாளைக்கே போலாம்.”

“பொன்னுக்கு வீங்கிடி அது. கழுத்துல பொன்னு போட்டா வத்திடும்” என்ற அம்மா, என் செயினையே கழற்றச் சொல்லி அவனுக்குப் போட்டுவிட்டாள்.

பொன்னுக்கு வீங்கி காதடியில் வரும், வலிக்கும், காய்ச்சல் அடிக்கும், தானாக வற்றும். இது அது இல்லை என்று கத்தினேன். “மாட்டு டாக்டருக்கு மனுஷன் கழுத்து என்னாடி தெரியும்?” என்றாள் அம்மா. அண்ணன் ‘ம்மா’ என்று மாடு மாதிரி கத்திக் காட்டினான். வீடே சிரித்தது.

செயினோடு பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போனான். வீக்கம் வற்றவில்லை, ஆள்தான் வற்றிப்போனான். நான் வாயைத் திறந்தால், “சொல்லிச் சொல்லியே வரவெச்சிடாத” என்பாள் அம்மா. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்று எல்லா இடத்திலும் பரவிவிட்டது என்றார்கள். “நீங்களும் டாக்டர்தானே, முன்னாடியே கூட்டினு வந்திருக்கலாமே?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அண்ணன் போய்விட்டான். அம்மா திருப்பிக் கொடுத்த செயின் பீரோவில் கிடக்கிறது. போட்டுக்கொள்ள மனம் வரவில்லை.

போன வாரம் அம்மாவிடமிருந்து போன். குரலில் அத்தனை பதற்றம். “கன்னு போட்ட மாட்டுக்குத் தாடை வீங்கியிருக்குடி. சீக்கிரம் ஓடி வா.”

போனேன். அழுத்தியதும் கட்டி நழுவியது, மாடு வலியில் தலையை உதறியது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறில் முள் குத்திய புண்.

“சாதாரண நெறிதாம்மா. ஊசி போட்டா சரியாயிடும்.”

அம்மா பெருமூச்சு விட்டு மாட்டின் முதுகைத் தடவினாள்.

“இப்பதான்டி எனக்கு உயிரே வந்துச்சு. நீ கழுத்தத் தொட்டுப் பாத்துச் சொன்னா தப்பாவா இருக்கும்?”