ஆறாம் ஆண்டு முத்திரை

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டாராம், அவள் மாட்டேன் என்றாளாம், அதனால் வேண்டுமென்றே தப்பாகச் சீட்டெழுதிப் பழி வாங்கினாராம்! பொதுக் குளியலறைக்குள் நுழைந்தால் முதுகு தேய்க்கிற சத்தத்தைவிட இந்தப் பேச்சுதான் பெரிதாகக் கேட்கிறது. கேட்டபோது பக்கத்தில் நின்றது யார்? ஒருத்தரும் இல்லை. குஜுமி தொக்குஜி, மனைவி இறந்த ஒன்பது வருஷத்தில், பெண்களிடம் பனியையும் மழையையும் தவிர எதையும் பேசினதில்லை. சந்தையில் காய்ந்த மீன் விற்கிற நுயியிடம் அவர் கேட்டதெல்லாம், இந்தக் காய்ந்த கணவாய் என் பல்லுக்கு ஆகுமா என்றுதான். நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் முதுகைத் தேயுங்கள்.

தொக்குஜி இருபத்தாறு வருஷம் தபாலாபீஸ் பின்கட்டில் முத்திரை குத்தினவர். ஓய்வு பெற்றபின் துறைமுகத் தெருவில் முரோயின் பழம்பொருள் கடையில் உட்கார்ந்தார். அங்கே இழுப்பறை இழுப்பறையாகப் பழைய பட அஞ்சல் அட்டைகள்: சூமோ வீரர்கள், பள்ளிக்கூடப் பேஸ்பால் குழுக்கள், நீச்சல்காரர்கள். அட்டை எந்த வருஷத்தது என்று தொக்குஜிதான் பார்த்துச் சீட்டெழுதித் தருவார். சும்மா சொல்லிவிட முடியாது. முத்திரையில் இருப்பது வெறும் எண்கள்: வருஷம், மாதம், தேதி. புதுப் பேரரசர் வந்தால் வருஷக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். தைஷோ பேரரசர் காலத்திலும் ஓர் ஆறு உண்டு, பதினாலு வருஷம் தள்ளி, அவருக்கு அடுத்த ஷோவா காலத்திலும் ஓர் ஆறு உண்டு. எந்த ஆறு என்று முத்திரை சொல்லாது. அதற்கு அட்டையின் பின்பக்கம் பார்க்கவேண்டும். விலாசத்தையும் சேதியையும் பிரிக்கிற கோடு முன்காலத்தில் மூன்றில் ஒரு பங்கில் இருந்தது. தைஷோ ஏழில்தான் நடுவுக்கு வந்தது. "முதல்ல கோட்டைப் பாரு, அப்புறம் எண்ணைப் பாரு" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார்.

அப்படிப்பட்டவர்தான் தப்பு செய்தார்.

இலையுதிர் காலத்தில் நுயி ஓர் அட்டை கொண்டுவந்தாள். செத்துப்போன தாயின் தையல் பெட்டியில் கிடைத்ததாம். படத்தில் நம் ஊர் சூமோ வீரர் ஹமாகிரி, இளந்தாரி, மீசைகூட அரும்பாத முகம். பின்னால் அவர் கையெழுத்து: "பால்குடிக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். போட்டி முடிந்ததும் நம் பிள்ளையைப் பார்க்க வருகிறேன்." முத்திரையில் 6.1.20. நுயிக்கு ஐம்பத்தாறு வயது. தைஷோ ஐந்தின் கடைசியில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அப்பா பேர் கேட்டபோதெல்லாம் தரையைப் பார்த்து நின்றவள். தொக்குஜி சேதியைப் படித்தார், வீரரின் இளமுகத்தைப் பார்த்தார், அவள் வயதைக் கணக்குப் போட்டார். அவருக்கே கண் கலங்கிவிட்டது. கோட்டைப் பார்க்கவில்லை. "தைஷோ 6" என்று சீட்டெழுதித் தன் பெயர் முத்திரையை அழுத்தினார்.

அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கோயிலில் ஹமாகிரிக்கு நினைவுக்கல் நாட்டும் குழு, மகள் என்று நுயிக்கு முன்வரிசையில் இடம் போட்டது.

விழாவுக்கு முந்தின நாள். வெளியே பனி கொட்டுகிறது. நுயி கடைக்கு வந்தாள்.

"குஜுமி-சான், ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி கண்ணாடி போட்டுக் குடுங்க. நாளைக்கு மடியில வெச்சுக்கப் போறேன்."

தொக்குஜி அட்டையைக் கண்ணாடிமேல் கவிழ்த்தார். கோடு நட்டநடுவில் இருந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. முரோய் எட்டிப் பார்த்தார். அவருக்கும் கோடு தெரியும். தொண்டையைச் செருமினார்.

"என்ன பார்த்துக்கிட்டே இருக்கீங்க? சீக்கிரம் மாட்டுங்க. நுயி-சானுக்கு முடி அலங்காரம் வேற இருக்கு."

"முரோய்-சான், இது வந்து..."

"மாட்டுங்கன்னேன்!"

தொக்குஜி யோசித்தார். இன்னும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கல் நின்றுவிடும், அவளும் உட்கார்ந்துவிடுவாள். யார் கோட்டைப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் விழாவுக்கு டோக்கியோவிலிருந்து அட்டை சேகரிப்பவர்கள் நாலைந்து பேர் வருகிறார்களே. எல்லார் முன்னாலும் அவளை எழுப்பிவிட்டால்?

"நுயி-சான், நான் தப்பாப் படிச்சுட்டேன். இது தைஷோ ஆறு இல்ல. ஷோவா ஆறு."

"என்ன உளர்றீங்க?"

"கோடு நடுவுல இருக்கு. உங்களுக்கு அப்போ பதினாலு வயசு."

அவள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது, எதையோ எண்ணுகிறவள்போல. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஷோஸோ."

"யாரு?"

"என் தம்பி. அந்தக் குளிர்காலத்துல பால்குடி. நான்தான் முதுகுல கட்டிக்கிட்டுத் திரிவேன். ரெண்டு வயசுல போயிட்டான். இதுல எழுதியிருக்கிற பால்குடி அவன்."

முரோய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்களை யாரு இன்னிக்கு இதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னா?" நுயியின் குரல் உடைந்தது. "நாளன்னைக்குப் பார்த்திருக்கக் கூடாதா?"

"அன்னிக்கே பார்த்திருக்கணும். குழுகிட்ட நான் போய்ச் சொல்றேன்."

"நீங்க போனா நான் ஏமாத்துக்காரி ஆயிடுவேன். கிழவரை மயக்கிச் சீட்டு வாங்கினவள்னு சொல்வாங்க."

"அப்போ நீங்களே போங்க. இந்தக் குஜுமி கிழவன் கண்ணு அவிஞ்சுபோய் எழுதினான், நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லுங்க."

"ஊரு உங்களைக் கிழிச்சுடும்."

"கிழிக்கட்டும்." புதுச் சீட்டெடுத்து "ஷோவா 6" என்று எழுதி, முத்திரை அழுத்தி, இரண்டு கையாலும் நீட்டினார்.

 அவள் அதை வாங்கி, அட்டையோடு சேர்த்து மார்புத் துணிக்குள் செருகிக்கொண்டு, வணங்காமல் போனாள். குழு கூடியிருந்த கோயில் பக்கம்தான் திரும்பினாள்.

"என் கடைப் பேரையும் சேர்த்துக் குழியில தள்ளிட்டீங்க" என்றார் முரோய். "இனிமே நீங்க சொல்ற வருஷத்தை யாருய்யா நம்புவான்? கிளம்புங்க."

தொக்குஜி படியில் உட்கார்ந்து உள்செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து வைத்தார். ரப்பர் பூட்ஸ் காலில் ஏற மறுத்தது. இரண்டு முறை இழுத்தார். எழுந்து முரோய்க்கு இடுப்பு வளைய வணங்கிவிட்டு, நகர்த்துக் கதவைத் திறந்து, பனிக்குள் இறங்கி நடந்தார்.