அண்ணாச்சி கடைக்குக் கீழே ஒரு தெரு

போன வாரம் முழுக்க நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. ஒரு வாய் காபி, உடனே வாசல். ஒரு வரி எழுதுவேன், மறுபடி வாசல். “வீட்டுக்குள்ள உங்களுக்கு முள்ளா குத்துது?” என்று மனைவி கேட்டே விட்டாள்.

குத்தத்தான் செய்தது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவின் நடுவே, என் வீட்டுக்கும் எதிர்ப்புறம் இருக்கும் அண்ணாச்சியின் பாத்திரக்கடைக்கும் இடையில், ஒரு பெரிய பள்ளம். குடிநீர் பைப் போடத் தோண்டினார்கள். நெஞ்சளவு ஆழம் போனதும் ஜேசிபி வாளி எதிலோ இடித்தது. செங்கல். நம் செங்கலைப் போல இரண்டு மடங்கு பெரிய செங்கல், வரிசையாக, பாய் விரித்த மாதிரி!

தொல்லியல் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். சேலத்துக்காரர். இரண்டு ஆட்கள், ஒரு பிரஷ், நிறைய பொறுமை. வெளிநாட்டில் இப்படித்தான் இன்றைய கடைத்தெருவுக்கு அடியில் ரோமானியர் காலத்துத் தெரு கிடைக்கும், மேலே கண்ணாடி போட்டு ஜனங்கள் அதன்மேல் நடப்பார்கள் என்று டீ குடிக்கும்போது சொன்னார். அவ்வளவுதான். எங்கள் தெருவில் ரோமானியர்கள் குடியிருந்ததாகச் சாயங்காலத்துக்குள் ஊரே பேசியது. எந்த வீட்டில் என்று மட்டும்தான் முடிவாகவில்லை.

அதிகாரியின் கவலை வேறு. இது ஒரு வீட்டின் தரையா, தெருவா? வீட்டுத் தரை என்றால் படம் எடுத்துவிட்டு மூடிவிடுவார்கள். தெரு என்றால் அது எங்கேயோ போகிறது... அப்படியானால் இங்கே ஒரு ஊர் இருந்திருக்கிறது. அதை நிரூபித்தால்தான் பள்ளத்தைத் திறந்து வைக்க அனுமதி. அதுவும் எங்கள் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவின் கொடியேற்றத்துக்குள். இல்லையென்றால் மண்ணைத் தள்ளி, மேலே சிமென்ட் ரோடு.

சாட்சி, பள்ளத்தின் பக்கவாட்டுச் சுவர் என்றார். வண்டியும் காலும் மிதித்து மிதித்து இறுகிய மண், அதன்மேல் வருஷா வருஷம் படிந்த புழுதி எல்லாம் அடுக்கடுக்காக அதில் தெரியுமாம். மூன்று பக்கம் பழைய பைப்பும் சாக்கடையும் போய்க் கெட்டுக் கிடந்தது. கெடாமல் இருந்தது அண்ணாச்சி கடைப் பக்கச் சுவர் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மதியம் ஆதாரத்துக்கு அதை அளந்து வரைந்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, அன்று காலையில் ஆட்களையும் கூட்டிக்கொண்டு மேலதிகாரியைப் பார்க்கத் தென்காசி போனார்.

வெள்ளிக்கிழமை! எங்கள் ஊரில்! கோயில் புற்றுமண்தான் எங்களுக்குப் பிரசாதம், அதுவேதான் மருந்தும். தேமலா, புற்றுமண். விஷக்கடியா, புற்றுமண். இப்படிப்பட்ட ஊரில் அந்தச் சுவரில் கரையான் ஏறியிருந்தது. பக்கத்திலேயே ஒரு பொந்தும் இருந்தது; பார்த்தால் பாம்புப் புற்றேதான்.

அண்ணாச்சி கடை திறக்க வந்தவர் அதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே இறங்கி மஞ்சள் வைத்தார், குங்குமம் வைத்தார், சூடம் கொளுத்தினார். பூக்கடைக்காரர்கள் வந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்களும் கோயிலுக்குப் போகிற வழியில் இறங்கிக் கும்பிட்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண்.

நான் தடுத்திருக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் அண்ணாச்சி என் கையிலும் ஒரு சிட்டிகை வைத்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மதியம் அதிகாரி வந்தார். சுவர் இருந்த இடத்தில் ஒரு குகை. பள்ளத்தின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். நான் மெதுவாகத் துடைத்துக்கொண்டேன்.

“யாரையும் குத்தம் சொல்லல சார்,” என்றார். “ஆனா எனக்கு இருந்தது அந்த ஒரு சுவர்தான்.” எனக்கு வெட்கமாக இருந்தது.

செய்தி பைப் போடும் கான்ட்ராக்டருக்கு எட்டிவிட்டது. நிரூபிக்க ஒன்றுமில்லை அல்லவா, மூடிவிடலாம் என்று ஜேசிபியோடு வந்தார். டிரைவர் பக்கத்து ஊர், மேலநீலிதநல்லூர்க்காரர். எட்டிப் பார்த்தார், இன்ஜினை அணைத்தார், கீழே இறங்கிவிட்டார்.

“மஞ்சள் வச்ச புத்துல மண்ணத் தள்ள மாட்டேன் சார். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

கான்ட்ராக்டர் மிரட்டினார், கெஞ்சினார், வேறு டிரைவருக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அந்த டிரைவருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. எந்த பக்தி சுவரை அள்ளிக்கொண்டு போனதோ, அதே பக்தி பள்ளத்துக்குக் காவல் நின்றது. இதை எந்த மேலதிகாரிக்கு எழுதிப் புரியவைப்பது?

அதிகாரி எழுந்தார். இன்னும் இரண்டடி உள்ளே நேராக வெட்டினால் கெடாத மண் கிடைக்கும் என்றார். ஆனால் அந்த இரண்டடிக்கு மேலேதான் அண்ணாச்சி கடையின் படிகள் இருக்கின்றன.

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். ஊருக்கே தெரியும், வருஷத்து வியாபாரத்தில் பாதி அவருக்கு ஆடித்தபசில்தான். கொடியேற்றம் நெருங்கிவிட்டது. படி இல்லாத கடைக்குள் யார் ஏறி வருவார்கள்? அவர் படியைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

“மொத மஞ்சள் வச்சது நாந்தான மேடம்,” என்றார் கடைசியில். “ஒடைச்சிக்கிடுங்க. நான் பலகையப் போட்டு யாவாரம் பாத்துக்கிடுதேன்.”

மறுநாள் முதலில் அவரே கரையான் இருந்த பக்கம் சூடம் காட்டி, உத்தரவு கேட்டுக்கொண்டார். பிறகு படியை உடைத்தார்கள். கடப்பாரை வேண்டாம் என்று கொத்தனார் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வெட்டினார்கள். நான் எத்தனை முறை எட்டிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். தள்ளி நிற்கச் சொல்லி அதிகாரி என்னைத்தான் அதட்டினார்.

சாயங்காலம் சுவர் நேராக நின்றது. இறுகிய மண், புழுதி, மறுபடி இறுகிய மண். அடியில் செங்கல் தளம். அதில் வண்டிச் சக்கரம் தேய்த்த இரண்டு தடங்கள், பக்கம் பக்கமாக, நேரே அண்ணாச்சியின் கடைக்கு அடியில் போயின.

“தெருதான்,” என்றார் அதிகாரி. எத்தனை காலத்துத் தெரு என்பதை ஆய்வு முடிந்து சொல்வார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்றோ ஒருவன் இந்த வழியாக மாட்டை அதட்டிக்கொண்டு போயிருக்கிறான்... அவனுக்கும் ஏதோ அவசரம் இருந்திருக்கும்.

அண்ணாச்சி மட்டும் தடத்தையும் கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ நம்ம கடை நடுரோட்டுலயா வே இருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

என் வாசல்படி அரையடி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆக்கிரமிப்பு என்று பல வருஷமாக நகராட்சிக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறவர் அவர்தான். இந்த வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை!