புதிய வாசகர்களுக்கான இதழ்

வவுனியா பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு புத்தகக் கடையில் அந்த இதழை வாங்கினேன். விண்வெளிக் கதைகள் மட்டும் வரும் படக்கதைத் தொகுப்பு அது. நான் வருடக்கணக்காக வாசித்து வருவது. அந்த முறை அட்டையிலேயே ‘புதிய வாசகர்களுக்கான சிறப்பிதழ்’ என்று போட்டிருந்தார்கள். பழைய கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லையாம். எல்லாக் கதைகளும் இந்த இதழிலேயே தொடங்கி முடியுமாம்.

தர்மபுரத்தில் வீட்டுக்கு வந்ததும் மனைவி கையை நீட்டினாள். “இஞ்ச தாங்கோ, நானும் ஒருக்கா வாசிச்சுப் பாப்பம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் வாசித்தவனுக்கும் இன்று வந்தவளுக்கும் ஒரே வாசலா? “முதல் பழசுகளை வாசியும்” என்று ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் இடியப்பம் பிழியும்போதும் விடாமல் கேள்வி கேட்டேன். கப்பல் தலைவன் ஏன் பூமியை விட்டுப் போனான்? அவனுடைய எதிரி யார்? மூன்றாம் நாள் கட்டு அலுமாரிக்குத் திரும்பி வந்துவிட்டது.

சிறப்பிதழைப் பொலித்தீனில் சுற்றி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் பையில் வைத்தேன். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் வந்த பழக்கம். தொலைக்கக்கூடாதவை எல்லாம் எங்களுக்கு ஒரே பையில்தான்.

போன மாதம் காணி உறுதியைத் தேடியபோது அந்த இதழ் கையில் பட்டது. இன்னும் புதுத்தாள் வாசம். நான்கூட அதை வாசித்திருக்கவில்லை. குசினிக்குக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அட்டையில் இருந்ததை மெதுவாக வாசித்தாள்.

“வேண்டாமப்பா,” என்று திருப்பித் தந்தாள். “பிறகு நீங்கள் சோதினை வைப்பியள்.”